அமைதியான நீர் ஆழமானதுதானா?

ஆங்கிலத்தில் ஒரு முதுமொழி உண்டு: ‘ஸ்டில் வாட்டர்ஸ் ரன் டீப்’. சலனமின்றித் தோன்றும் நீர் அடியில் ஆழமாக ஓடுகிறது என்பது அதன் பொருள். அதிகம் பேசாதவர், தம்மை முன்னிறுத்தாதவர், செய்ததைச் சொல்லிக்காட்டாதவர் ஆகியோரைக் குறிக்க இதைவிட வசதியான தொடர் வேறில்லை என்று நம்மில் படித்தவர் பலரும் எண்ணுகிறோம். பங்குகளின் வெள்ளிவிழா மலர்களிலும், நினைவு மடல்களிலும், பணி ஓய்வுப் பாராட்டுரைகளிலும், சில வேளைகளில் நூல் மதிப்புரைகளிலும்கூட, தமிழ் வாக்கியங்களின் நடுவே இத்தொடர் உரிமையோடு வந்து அமர்ந்துகொள்கிறது.

நானும் இதை எழுதியிருக்கிறேன். நடுவட்டம் பகுதியில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்ந்த அன்னையொருவர் இறைவனடி சேர்ந்தபோது, முப்பதாம் நாள் திருப்பலிக்கான நினைவு மடலில் அவரைப் பற்றி நான்கு வரிகள் எழுதித் தருமாறு குடும்பத்தார் கேட்டனர். ஞாயிறுதோறும் ஆலயத்தின் கடைசி வரிசையில் கண்ட அளவே அவரை நான் அறிவேன். அந்த அறியாமையை மறைக்க இந்த ஆங்கிலத் தொடர் கைகொடுத்தது. ‘அடக்கமே உருவானவர்’ என்று தமிழிலும் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, மறைந்தவரோடு முப்பது ஆண்டுகள் ஒரே நிரையில் இலை பறித்த மூதாட்டி ஒருவர், தம் பேத்தி அம்மடலைப் படித்துக் காட்டக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பேச விட்டாத்தானே தம்பி அவ பேசுவா?”

அவ்வினாவில் கோபம் இல்லை. ஆயினும் அது என் நான்கு வரிகளையும் ஒருசேர அடித்துவிட்டது. நாம் பாராட்டாக எழுதும் ஒரு தொடர் உண்மையில் யாரைப் பாராட்டுகிறது, எதை மறைக்கிறது என்று பார்ப்பதும் திறனாய்வின் வேலையே. என் வரிகளையே முதற்சான்றாக வைத்து இங்கு அதைச் செய்து பார்க்கிறேன்.

தொடரின் பிறப்பு

இம்முதுமொழி ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதன்று. உரோமை வரலாற்றாசிரியரான குவிந்தூஸ் கூர்த்தியூஸ், மாவீரன் அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதுகையில், நடு ஆசியாவின் பாக்திரியா நாட்டில் வழங்கிய பழமொழியாக இதைக் குறிப்பிடுகிறார். தன் மன்னன் தாரியுவைக் கொன்று அரியணை ஏறிய பெசுஸ் என்பவன் விருந்தொன்றில் வீரம் பேசிக்கொண்டிருக்கிறான். அலெக்சாந்தரிடம் பணிந்துவிடுவதே நலம் என்று அறிவுரை கூறும் கோபாரெஸ் என்பவர், அஞ்சும் நாயே அதிகம் குரைக்கும், ஆழமான ஆறே ஓசை குறைய ஓடும் என்னும் கருத்துடைய மொழியை அவனிடம் எடுத்துரைக்கிறார். பெசுஸ் வாளை உருவுகிறான். கோபாரெஸ் உயிர் தப்பி ஓடுகிறார். ஆக, இம்மொழி நமக்குக் கிடைக்கும் பழைய இடத்தில், வலியவனின் முகத்துக்கு நேரே துணிந்து சொன்ன சொல்லாக இருக்கிறது. அமைதியைப் போற்றிய அந்த மனிதர் அமைதியாக இருக்கவில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஷேக்ஸ்பியரிடம் வரும்போது இதே கருத்து நிறம் மாறிவிடுகிறது. ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பாகத்தில், சஃபோக் பிரபு நல்லவரான குளோஸ்டர் கோமகனைப் பழிப்பதற்கு இதைப் பயன்படுத்துகிறான். ஓடை ஆழமாக உள்ள இடத்தில் நீர் ஓசையின்றிச் செல்லும். அதுபோல் இம்மனிதரின் எளிய தோற்றத்தினுள் துரோகம் ஒளிந்திருக்கிறது என்பது அவன் வாதம். குளோஸ்டர் சிறைப்படுகிறார், பின்னர் கொல்லப்படுகிறார். ஒரு குற்றமற்ற மனிதரைக் கொல்வதற்கு இப்படிமம் துணைநின்றது.

அறிவுரையாகவும் அவதூறாகவும் இருந்த தொடர் இன்று பாராட்டாக வழங்குகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு: பேசாதவர் எதை எண்ணுகிறார் என்பதைப் பேசுகிறவரே முடிவு செய்கிறார். குளோஸ்டரின் உள்ளத்தில் துரோகம் உண்டு என்றான் சஃபோக். கொழுந்து பறித்த அன்னையின் உள்ளத்தில் அடக்கம் உண்டு என்றேன் நான். இருவருமே அவ்வுள்ளங்களைக் கேட்டறியவில்லை.

நம் மொழியில்

தமிழில் இதற்கு ஈடாக உடனே நினைவுக்கு வருவது ‘நிறைகுடம் தளும்பாது’ என்பது. பொருள் நெருங்கியதாயினும் படிமம் வேறு. குடத்து நீர் ஓடுவதில்லை. அது நிறைந்திருக்கிறது, தளும்பாதிருக்கிறது. அதனோடு செய்தி முடிந்தது. ஆங்கிலத் தொடரிலோ ‘ஓடுகிறது’ என்னும் வினை இருக்கிறது. மேலே அசைவின்மை, கீழே ஓட்டம். நாம் அத்தொடரை எடுத்தாளும்போது அசைவின்மையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டத்தை விட்டுவிடுகிறோம். ஆங்கிலத்தில் எழுதினாலும் குடத்தையே நினைக்கிறோம்.

அமைதியை ஐயுறும் மொழியும் நம்மிடம் உண்டு. ‘அழுத்தக்காரர்’ என்கிறோம், ‘கல்லுளிமங்கன்’ என்கிறோம். ‘ஊமை ஊரைக் கெடுக்கும்’ என்று இரக்கமில்லாத பழமொழியும் வைத்திருக்கிறோம். வாயடைத்து நிற்பவரை நோக்கி ‘மௌனம் சம்மதம்’ என்று நமக்கு வேண்டிய விடையையும் நாமே எழுதிக்கொள்கிறோம். யாரை எச்சொல்லால் குறிப்பது என்பதைப் பெரும்பாலும் அவருடைய நிலையே முடிவு செய்கிறது. செல்வர் பேசாதிருந்தால் பெருந்தன்மை. கூலித் தொழிலாளி பேசாதிருந்தால் பணிவு. மருமகள் பேசாதிருந்தால் அழுத்தம்.

வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதை நாம் பள்ளிப் பருவம் முதல் போற்றுகிறோம். அதே வள்ளுவர் சொல்வன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார், அவையஞ்சாமைக்கும் வகுத்தார். அவர் கண்ட அடக்கம், பேச வல்லவன் தன் நாவைத் தானே ஆள்வது. பிறர் ஒருவரின் நாவைக் கட்டிவிட்டு அதற்கு அடக்கம் என்று பெயரிடுவதை அவர் கூறவில்லை. ‘அடக்கம்’ என்னும் சொல் நம் மொழியில் ஒரு நற்பண்பையும் குறிக்கிறது, இறந்தவரைப் புதைப்பதையும் குறிக்கிறது. நினைவு மடல் எழுதுவோர் இவ்விரு பொருளையும் குழப்பிக்கொள்ளாதிருத்தல் நன்று.

பைக்காராவைக் கடந்து

உதகையிலிருந்து கூடலூர் நோக்கிச் செல்லும் சாலையில், நடுவட்டத்துக்கு முன்பாகப் பைக்காரா வருகிறது. அங்கே தேங்கி நிற்கும் நீரைக் காண்போர் அது துயில்வதாகவே எண்ணுவர். ஆனால் அந்நீர் குழாய்களின் வழியே 3,000 அடிக்கும் மேற்பட்ட செங்குத்தான சரிவில் இறங்கி, மலையடியிலுள்ள சிங்காரா மின் நிலையத்தின் உருளைகளைச் சுழற்றுகிறது. 1932இல் மின்னாக்கம் தொடங்கிய இத்திட்டம் அன்றைய சென்னை மாகாணத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம். சமவெளியின் ஆலைகள் பல இந்த நீரின் வலிமையால் ஓடின. மேலே நின்று பார்ப்பவருக்குத் தெரிவது பரப்பு மட்டுமே. அடியில் நிகழ்வதை அறிய விரும்புபவர் மலையிறங்கிப் போக வேண்டும். தொடரின் முழுப் பொருளும் இப்பயணத்தில் இருக்கிறது. அதைச் சொல்பவருக்கு ஒரு கடமை உண்டு: இறங்கிச் சென்று பார்த்தல்.

அவ்வாறு இறங்காமல் பரப்பை மட்டும் வருணித்துச் சென்றதற்கு ஓர் எடுத்துக்காட்டு நடுவட்டத்திலேயே கிடைக்கிறது.

சீனரும் சிங்கோனாவும்

மலைக்காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து, 1860ஆம் ஆண்டு முதல் நீலகிரியில் பயிரிட்டனர். கிளெமென்ட்ஸ் மார்க்கம் கன்றுகளையும் விதைகளையும் திரட்டிக் கொணர்வதை முன்னின்று நடத்தினார். உதகைத் தாவரவியல் தோட்டத்தின் மேற்பார்வையாளரான வில்லியம் மெக்கைவர் அவற்றை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. வேலைக்கு ஆள் போதவில்லை. மலாய்க் கரையோரப் பிரித்தானியக் குடியேற்றங்களில் தண்டனை பெற்றுச் சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளை மலைக்குக் கொண்டுவந்து, நடுவட்டத்தில் சிறை அமைத்து, தோட்ட வேலையில் ஈடுபடுத்தினர். இம்மாநிலத்தில் எத்தனையோ பேரைக் காய்ச்சலிலிருந்து காத்த மருந்தின் வேரில், பெயர் பதியப்படாத அவர்களின் உழைப்பும் கிடக்கிறது. விடுதலை பெற்றபின் அவர்களுள் சிலர் இப்பகுதியிலேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்துகொண்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரான எட்கர் தர்ஸ்டன் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் அத்தகைய குடும்பம் ஒன்றைக் கண்டார். 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த தம் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலில் அவர்களைப் பற்றி எழுதினார். சிறிய அளவில் காப்பி பயிரிட்டு நேர்மையாகப் பிழைக்கும் குடியிருப்பு என்பது அவருடைய வருணனை. நேர்மையான, ஓசையற்ற, தொல்லை தராத மனிதர்கள். நம் முதுமொழிக்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை உண்டோ?

பத்தியை மேலும் படித்தால் நெஞ்சில் முள் தைக்கிறது. குடும்பத் தலைவரான சீனருக்கு இருந்த ஒரே குறை, கிறித்தவ மறையைத் தழுவியபோது தம் பின்னலை வெட்டிக்கொள்ள நேர்ந்ததே என்று தர்ஸ்டன் எழுதுகிறார். அந்தக் குறையையும் அம்மனிதரின் கொச்சை ஆங்கிலத்திலேயே, படிப்போர் புன்னகைக்கும்படி பதிவு செய்கிறார். பின்னர் பிள்ளைகளின் நிறத்தையும் கண்ணின் சாய்வையும் மூக்கின் அமைப்பையும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

‘ஒரே குறை’ என்பது எத்தகைய சொல்லாட்சி! 1644 முதல் சீனத்தை ஆண்ட மஞ்சு அரசர், பின்னலைத் தம் ஆட்சிக்குக் கீழ்ப்படிதலின் அடையாளமாக ஆண்கள் அனைவர்மீதும் சுமத்தினர். அதை அறுத்தவன் கலகக்காரனாகக் கருதப்பட்டான். 1911ஆம் ஆண்டுப் புரட்சி வரை நிலைமை இதுவே. ஆகவே, நீலகிரிச் சரிவில் ஒருவர் பின்னலை இழப்பது, ஊர் திரும்பும் எண்ணத்தின் வேரையே அறுப்பதாக இருந்திருக்கக்கூடும். நாடும் மொழியும் உறவும் இழந்த ஒருவர் தம் வாழ்நாளின் இழப்பையெல்லாம் அந்த ஒரு மயிர்க்கற்றையில் வைத்துச் சொன்னார் என்று கொள்வதற்கு இடமுண்டு. ஆழத்திலிருந்து ஓர் அலை மேலெழுந்தது. அதைக் கண்டவர் வேடிக்கை என்று எழுதிவைத்தார்.

தர்ஸ்டன்மீது மட்டும் பழி போடுவது முறையன்று. அவர் எழுதாதிருந்தால் அச்சொல்லும் நமக்குக் கிடைத்திராது. மேலும், பின்னலை வெட்டச் செய்தவர் அருங்காட்சியக அலுவலர் அல்லர்; மறையைப் போதித்தவர். அவர் எச்சபையினராயினும் கிறிஸ்துவின் பெயரால் வந்தவர்.

இந்த இடத்தில் தமிழகத் திருச்சபையின் வரலாறு நம்மை ஒரு கேள்வி கேட்கிறது. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, மறையைத் தழுவுவோர் குடுமியையும் பூணூலையும் களைய வேண்டியதில்லை என்று வாதிட்டார். நெடிய வழக்கிற்குப் பின் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அதற்கு இசைவளித்தார். ஒரு தமிழ் அந்தணரின் குடுமி உரோமை வரை சென்று நியாயம் பெற்றது. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் நடுவட்டத்துச் சீனரின் பின்னலுக்கு நியாயம் கேட்பார் இல்லை. முன்னவருக்காகப் பேசக் கற்றறிந்த துறவி ஒருவர் இருந்தார். பின்னவர் தாமே பேசினார், கேட்டவர் சிரித்தார்.

இதனினும் ஆழமான ஓர் அமைதி அதே பத்தியில் உண்டு. அவர் மனைவியாகிய தமிழ்ப் பெண். தாழ்த்தப்பட்ட குலத்தினர், கருநிறத்தினர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி ஒன்றும் இல்லை. கணவருக்காவது ஒரு குறை இருந்ததாக எழுதப்பட்டது. அவருக்குக் குறையும் இல்லை, நிறையும் இல்லை, சொல்லும் இல்லை. எவரும் அவரைக் கேட்கவில்லை. முப்பதாம் நாள் மடலில் நான் எழுதிய நான்கு வரிகளும் இப்பெண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று உணர்ந்தபோதுதான், மூதாட்டியின் வினா எனக்கு முழுமையாக விளங்கிற்று.

மரியாவின் அமைதி

அப்படியாயின் அமைதி ஒரு நற்பண்பு இல்லையா என்று சிலர் கேட்கலாம். வாய்வீச்சு மிகுந்த இக்காலத்தில் தன்னை மறைத்து வாழ்வோரை இப்படிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விதான். துறவு மடங்களின் மௌனமும், இடக்கை அறியாமல் வலக்கை செய்யும் அறமும் திருச்சபையின் செல்வங்கள். அவை ஒருவர் தாமே தேர்ந்துகொண்டவை. நான் ஐயுறுவது தேர்வுக்கு இடமில்லாத அமைதியையும், அதற்கு நாம் சூட்டும் மாலையையும்தான்.

இவ்வேறுபாட்டைக் கற்பிக்க அன்னை மரியாவைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. நிகழ்ந்தவற்றை அவர் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா தம் நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் இருமுறை குறிக்கிறார். நம் மறையுரைகள் இதையே விரும்பி எடுத்துரைக்கின்றன. அதற்கு முந்தைய அதிகாரத்தில் அதே மரியா, வலியோர் அரியணையிலிருந்து வீழ்வதையும் பசித்தோர் நலன்களால் நிறைவதையும் வாய்விட்டுப் பாடுகிறார். கானாவில் இரசம் தீர்ந்தபோது, பிறர் கேட்குமுன் அவரே பேசுகிறார். பாட வேண்டிய இடத்தில் பாடிய நா, சிந்திக்க வேண்டிய இடத்தில் அமைந்தது. யோசேப்போ நான்கு நற்செய்திகளிலும் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் இரவோடிரவாக எழுந்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எல்லை கடக்கிறார். அமைதியான நீர் அங்கே ஓடுகிறது. அந்த ஓட்டத்தை நற்செய்தியாளர் எழுதிவைத்ததனால்தான் அந்த அமைதியின் பொருள் நமக்குத் தெரிகிறது. ‘யோசேப்பு அடக்கமானவர்’ என்று மட்டும் மத்தேயு எழுதியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட திருச்சபை பற்றிய ஏட்டில், திருச்சபையின் நலன் குறித்துத் தம் கருத்தைத் தெரிவிப்பது பொதுநிலையினரின் உரிமை, சில வேளைகளில் கடமையும்கூட என்று கூறியது. 2021 முதல் 2024 வரை நடந்த ஆயர் மாமன்றம் செவிமடுத்தலை மீண்டும் மீண்டும் வலியுறுத்தியது. கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரை ‘ஆழமான நீர்’ என்று புகழ்ந்துவிட்டு அவரிடம் ஒன்றும் கேளாமல் செல்வது செவிமடுத்தல் ஆகாது. அப்புகழ்ச்சி அவர் வாயைக் கூடுதலாக அடைக்கும் துணியாகவும் ஆகிவிடலாம்.

எழுதியிருக்க வேண்டியது

அந்த மூதாட்டியிடம் பிறகொரு நாள் சென்று கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன செய்தி இது. மழைக்காலத்தில் இலை ஈரம் என்று சொல்லி, எடை போடும் இடத்தில் அளவுக்கு மீறிக் கழித்துவந்தார்கள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு கூடையை எடுத்துச் சென்றுவிடுவர். ஒருநாள் மறைந்த அந்த அன்னை தம் கூடையைத் தராசிலிருந்து எடுக்கவில்லை. ஒன்றும் பேசவுமில்லை, நின்றார். பின்னால் நின்றவர்களும் நகரவில்லை. இருட்டும் வேளையில் எடையைத் திருத்தி எழுதினார்கள். அதன்பின் சில வாரங்கள் அவருக்குத் தொலைதூரக் காடே வேலைக்குக் கிடைத்தது. அதையும் அவர் எவரிடமும் சொல்லவில்லை.

‘அடக்கமே உருவானவர்’ என்று நான் எழுதிய அன்னை இவர். ஆங்கிலத் தொடர் பொய்யன்று. இவருக்கு அது முற்றிலும் பொருந்தும். ஆனால் அதை எழுதும் உரிமையை நான் பெற்றது மடல் அச்சாகி, திருப்பலி முடிந்து, அந்தத் தாள்கள் திருவிவிலியங்களின் நடுவே மடித்து வைக்கப்பட்ட பிறகே.

நினைவு மடலோ, விழா மலரோ, மதிப்புரையோ எழுதும் நண்பர்களிடம் வேண்டுவது ஒன்றே. இத்தொடர் பேனாமுனைக்கு வரும்போது சற்று நிறுத்தி, ‘எது ஓடுகிறது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். விடை தெரிந்தால் அந்த விடையையே எழுதுங்கள், தொடர் தேவைப்படாது. விடை தெரியாவிட்டால், அவரோடு ஒரே நிரையில் நின்றவரைத் தேடிச் செல்லுங்கள். அவர் இன்னும் உயிரோடிருப்பின் அவரிடமே செல்லுங்கள், அதுவே மேலானது.

நடுவட்டத்துச் சரிவில் பின்னலை இழந்த அம்மனிதருக்கும், அவருடைய பெயரறியாத் துணைவிக்கும் நாம் இப்போது செய்யக்கூடியது சிறிதே. இறந்த நம்பிக்கையாளர் அனைவரையும் நினைக்கும் நவம்பர் 2ஆம் நாளில் அவர்களையும் நினைத்து மன்றாடுவோம். நம் கடைசி வரிசைகளில் இன்று அமர்ந்திருப்போருக்குச் செய்யக்கூடியது அதனினும் பெரிது.